டீடாக்ஸ் மாத்திரை கல்லீரலில் என்ன செய்கிறது?

சம்பாப் பயிரில் புகையானோ இலைச்சுருட்டுப் புழுவோ தென்பட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலுக்கு வயல் மருந்து அடிப்பார்கள். அந்த வாடைக்கே சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அதே வரப்பில் நிற்கும் இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாது. போகப் போக பெயின்ட், ஊதுபத்தி வாடைகூடச் சேராமல் போனவர்களும் உண்டு. இது ஏன் வருகிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. படுகிற அவதி மட்டும் உண்மை. அந்த அவதியை நம்பித்தான் குளூட்டாதயோன், வைட்டமின் சி, பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் 'டீடாக்ஸ்' என்ற பெயரில் விற்கின்றன.

கல்லீரல் நச்சை இரண்டு கட்டமாகக் கையாள்கிறது. முதலில் சில நொதிகள் அதன் வேதி அமைப்பை மாற்றும். பிறகு உடலே தயாரிக்கும் குளூட்டாதயோன் போன்றவை அதோடு ஒட்டிக்கொண்டு, நீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேற்றும். விளம்பரம் பேசுவது இரண்டாவது கட்டத்தை மட்டும்தான்.

வில்லங்கம் முதல் கட்டத்தில் இருக்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உள்ளே போனதும் கல்லீரலே அதை 'ஆக்சான்' வடிவத்துக்கு மாற்றுகிறது. நரம்புக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குவதில் மூலப்பொருளைவிட இதுதான் பன்மடங்கு வீரியம். ஆகவே 'கல்லீரலை முடுக்கிவிடும்' என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால், எந்தக் கட்டத்தை என்று கேட்க வேண்டும். இந்த ஆக்சானைச் சிதைக்க ரத்தத்தில் பாராக்சனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதன் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். மரபணுவை எந்த மாத்திரையும் மாற்றாது.

குளூட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்களின் கோவை. விழுங்கினால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். உடல் தனக்கு வேண்டியதைச் செல்லுக்குள் தானே தயாரிக்கிறது. அதற்கான சிஸ்டீன் முட்டை, மீன், பருப்பிலேயே கிடைக்கிறது. சிஸ்டீனின் மருந்து வடிவமான அசிட்டைல்சிஸ்டீன், அளவு மீறிய பாராசிட்டமாலின் நஞ்சை முறிப்பது உண்மைதான், அதுவும் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகவே. அங்கே கல்லீரலின் குளூட்டாதயோன் நிஜமாகவே தீர்ந்துபோகிறது. வாடைக்குத் தலை சுற்றுபவரின் நிலை அதுவல்ல.

மருந்தடித்தவருக்கு எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, மூச்சு திணறினால் நேரே ஆஸ்பத்திரிதான். அங்கே அட்ரோபின் ஊசி போடுவார்கள்.

எனக்குக் கவலை தருவது பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் வைட்டமின் பி6. நாளைக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் பாதம் எரியும், மரத்துப்போகும். பூச்சிமருந்தின் வேலை என்று நினைத்து இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள்! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், அசதி வரும். ரத்தப் பரிசோதனையில் அப்படித் தெரிந்தால் மாத்திரைக்கு வேலை உண்டு. அப்போதும் சாயமும் வாசனையும் சேர்க்காததாக வாங்குவது நல்லது. டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துப் போட்டு அரிப்பு வந்தால், எது காரணம் என்று டாக்டராலும் சொல்ல முடியாது.