பயன்முறைப் பூட்டா, அலைப்பாங்குப் பிணைப்பா?

சென்ற வாரம் சிங்கப்பூரில் ஓர் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். தமிழ் விளக்கப் பலகையில் மறுபடியும் அதே சொல்: 'பயன்முறைப் பூட்டப்பட்ட லேசர்'. இந்த ஆண்டில் இதைப் பார்ப்பது மூன்றாவது தடவை. லேசரிலிருந்து மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை எடுக்கும் 'மோட் லாக்கிங்' என்ற முறையைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். லேசர் கண்ணாடிகளைத் திருகிச் சரிசெய்வதே வேலையாக இருக்கும் எனக்கே அந்தப் பலகை புரியவில்லை என்றால், பள்ளிப் பிள்ளைக்கு என்ன புரியும்?

'மோட்', லத்தீன் 'மோடுஸ்' என்பதிலிருந்து வந்தது. அளவு, விதம் என்று பொருள். மூலம் அவ்வளவுதான். இயற்பியலில் அது அதிரும் விதம். வீணைத் தந்தி முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக அதிரலாம். இரண்டாக, மூன்றாகப் பிரிந்தும் அதிரலாம். லேசரின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளிக்கும் அப்படித்தான். கண்ணாடிகளுக்கு நடுவே 1.5 மீட்டர் இருந்தால், அடுத்தடுத்த இரு அதிர்வெண்களுக்கு 10 கோடி ஹெர்ட்ஸ் வித்தியாசம். லேசருக்குள் ஒளியைப் பெருக்கும் டைட்டானியம் சஃபையர் படிகம் பெருக்கக்கூடிய அதிர்வெண்களின் வரம்பு மிக அகலமானது. லட்சக்கணக்கான விதங்கள் அதற்குள் அடங்கும்.

இவை தம் போக்கில் அதிர்ந்தால் வெளியே வருவது ஒழுங்கற்ற ஒளி. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டவர்களுக்கு மீதியை எளிதில் சொல்லலாம். மிருதங்கம் சதுச்ரத்தில் (நான்கு நான்காக), கடம் திச்ரத்தில் (மூன்று மூன்றாக), கஞ்சிரா கண்டத்தில் (ஐந்து ஐந்தாக) போகின்றன. வேகம் வேறு வேறு. ஆனால் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் எல்லாம் ஒன்றாக விழும்போது ஒரே பெரிய அடி கேட்கிறது. லேசரில் அந்த அடிதான் துடிப்பு. 1991இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்ஸ், கீன், சிபெட் மூவரும் இந்தப் படிகத்திலிருந்து 60 ஃபெம்டோ நொடித் துடிப்புகளை எடுத்தார்கள். ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு; அதற்குள் ஒளியே 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும்.

இப்போது 'பயன்முறை'க்கு வருவோம். கைப்பேசியில் விமானப் பயன்முறை, இருள் பயன்முறை என்றால் சரி. அங்கே பயன்படுத்துபவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கிறார். கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் அலையை யார் பயன்படுத்துகிறார்கள்? 'பூட்டு' இன்னும் மோசம். பூட்டினால் ஒன்று மூடப்படுகிறது, அசையாமல் நிற்கிறது. இங்கே எதுவும் மூடப்படவில்லை. எல்லாம் அதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன, அவற்றின் கட்டங்கள், அதாவது ஒவ்வோர் அலையும் எப்போது எழுகிறது, எப்போது தாழ்கிறது என்பது மட்டும் ஒன்றோடொன்று பிணைகின்றன. 'பயன்முறைப் பூட்டு' என்று படிப்பவர், யாரோ கருவியின் அமைப்பை மாற்ற முடியாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

நான் சொல்வது 'அலைப்பாங்குப் பிணைப்பு'. பாங்கு என்றால் விதம், தன்மை. 'பாங்குன்னா எங்களுக்குத் தொழுகை அழைப்பு ஆச்சே அண்ணே' என்றார் உடன் வேலை செய்யும் தம்பி. நியாயமான கேள்வி. அதனால்தான் முன்னால் 'அலை' சேர்த்தேன். பிணைப்பு, வேதியியலில் ஏற்கெனவே பழகிய சொல். இது நீளம் என்பவர்கள் 'மோட் லாக்கிங்' என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும். அது தூய தமிழ் இல்லை, ஆனால் தவறான பொருளும் தராது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவுதான் முக்கியம்.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் தமிழுக்குப் பலகையில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே கணினி காட்டும் முதல் சொல்லை ஒட்டி நிரப்பிவிடுகிறார்கள். எழுதியவர் லேசர் தெரிந்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். கண் சிகிச்சையில் கருவிழியை வெட்டுவதும் ஃபெம்டோ நொடி லேசர்தான்; அதைப் பற்றித் தமிழில் படித்துவிட்டுச் சம்மதம் சொல்லும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கண்காட்சிக்காரர்களுக்கு எழுதினேன். பலகைக்கு நான் அனுப்பிய வரி இது: 'லட்சக்கணக்கான அலைப்பாங்குகள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரே கணத்தில் சேர்ந்து எழும்போது மிகக் குறுகிய ஒளித் துடிப்பு பிறக்கிறது.'