மடக்குக்கத்திப் பிடி: கச்சானையும் மாரியையும் தாங்கும்படி செய்வது எப்படி

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று எழும்பி இரண்டு மூன்று கிழமையானதும் திருத்த வரும் மடக்குக்கத்திகளில் பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான்: "பிடி கையைக் கீறுது." பிடியின் முதுகோரம் நகத்தை வைத்து இழுத்தால், மரப்பலகையும் அதன் உள்ளே இருக்கும் உலோகத் தகடும் சேருமிடத்தில் நகம் இடறும். மரம் சுருங்கி உள்ளே போயிருக்கும், தகட்டின் விளிம்பு வெளியே நிற்கும். மார்கழி மழையில் அதே கத்தியைத் தடவினால் மரம் பொங்கி, தகடு பள்ளத்தில் கிடக்கும்.

மரம் நீளவாட்டில் அநேகமாக அசைவதில்லை. சுருங்குவதும் வீங்குவதும் அகலவாட்டில்தான். பல மரங்களில் உள்ளிருக்கும் ஈரம் நான்கு சதவீதம் மாறினாலே 25 மி.மீ. அகலப் பலகை கால் மில்லிமீற்றர் வரை மாறிவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கையும் நகம் கண்டுபிடித்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இந்த ஏற்ற இறக்கம் வருடா வருடம் நடக்கிறது. ஆகவே கத்திக்குப் பலகை தெரிவு செய்யும்போது நிறத்தையும் ரேகையையும் பார்க்குமுன் அது எவ்வளவு காய்ந்தது, எப்படி அறுத்தது என்று கேளுங்கள். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த துண்டு, தட்டையாக அறுத்ததைவிட ஏறக்குறைய பாதி அளவே அசையும். பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தாலே இது தெரியும்.

உள்முகம்தான் முக்கியம்

திரும்பி வரும் கத்திகளில் அதிகம் காண்கிற தவறு இது. ஸ்குரூவால் பூட்டும் பலகைக்கு வெளிப்பக்கம் மூன்று நான்கு பூச்சு வார்னிஷ் இருக்கும், கண்ணாடி போல மின்னும். கழற்றிப் புரட்டினால் உள்பக்கம் பூச்சே இல்லாத வெறும் மரமாக இருக்கும். ஸ்குரூத் துளைகளின் உள்சுவரும் அப்படியே. வாவிக் காற்றின் ஈரம் அந்தப் பக்கத்தால் ஏறும், அந்த முகம் மட்டும் வீங்கும், பலகை வில்லாக வளையும். அரை மி.மீ. பித்தளைத் தகடு அதோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். பிறகு அலகு தகட்டில் உரசி, திறக்க மூடக் கடினமாகிவிடும். வைத்திருப்பவர் அச்சாணி ஸ்குரூவைத் தளர்த்திவிடுவார். இப்போது அலகு பக்கவாட்டில் ஆடும். பூட்டுள்ள கத்தியில் அந்த ஆட்டம் விரலை வெட்டும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் பலகையை நிறுத்து, எடையையும் திகதியையும் மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். மூன்று தடவை தொடர்ந்து ஒரே எடை காட்டினால் அந்த அறையின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் முனைகள் வெடிக்கும். இரண்டு முனைக்கும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். பிறகு வேண்டிய தடிப்பைவிட ஒன்றரை மி.மீ. கூடுதலாக அறுத்து, இன்னும் இரண்டு கிழமை சும்மா விடுங்கள். அறுத்ததும் திருகும் மரம் அந்த இரண்டு கிழமையில் திருகி முடிந்துவிடும். துளையெல்லாம் போட்டு முடித்தபின், உள்முகத்துக்கும் துளைச் சுவருக்கும் மெல்லிய எபொக்சி இரண்டு தரம் பூசுங்கள். வெளிமுகப் பூச்சு கடைசி வேலை.

தறையாணியும் பசையும் போட்டு நிரந்தரமாக ஒட்டும் பிடியில் உள்முகம் பசையாலேயே மூடிவிடும். அங்கே வேறு பிழைகள் வரும். தகட்டை 80 நம்பர் சாண்ட் பேப்பரால் கீறி, அசிற்றோனால் துடைத்தபின் விரல் படக்கூடாது. கிளாம்பை முழுப் பலத்தோடு இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்து, நடுவே ஒன்றும் மிஞ்சாது. நான்கு ஓரத்திலும் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் போதும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடுத்த நாள் சுழலும் சாண்ட் பேப்பர் பெல்ற்றில் தேய்க்கும்போது சூட்டைக் கவனியுங்கள். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபொக்சி 50, 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். விரலால் பிடிக்க முடியாத அளவு சூடானால் பசையும் இளகிவிட்டது. நண்பகலில் ஓட்டோவின் முன்தட்டில் கத்தியை வைத்துவிட்டுப் போவதும் இதே விளைவைத் தரும்.

எந்த மரம்

முதிரை நம்முடைய மரங்களில் மிக அழகானது. வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுப்போல ஒளி ஓடும். கருங்காலியும் பாலையும் அடர்த்தியானவை, மெருகு நன்றாகப் பிடிக்கும். இந்த மூன்றுக்கும் வெற்றிடத்தில் ரெசின் ஏற்றும் வேலை தேவையில்லை. அவ்வளவு நெருக்கமான மரத்துக்குள் ரெசின் இறங்கவும் இறங்காது. பூஞ்சை ஓடிக் கறுப்புக் கோடு விழுந்த மாமரத்துக்கு அது அவசியம். ஏற்றுமுன் மரத்தை ஏறக்குறைய 105 பாகையில் ஒரு நாள் அடுப்பில் வைத்து முழு ஈரத்தையும் எடுக்காவிட்டால் நடுப்பகுதி வெறுமையாகவே இருக்கும். பனையில் கறுப்பு நாருக்கு இடையே சோறு மென்மை. வெளிப்பக்க வைரத்தை மட்டும் எடுத்து, மெல்லிய சுப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக ஊறவிட்டுத் தேய்த்தால் நார் சிராயாக எழும்பாது.

துண்டு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். பழைய வீட்டு நிலை, உடைந்த கட்டில் கால், தளபாடப் பட்டறையின் மிச்சத் துண்டு ஆகியவையே ஒரு கத்திக்குத் தாராளம். பல வருடம் காய்ந்த மரமாகவும் இருக்கும். காட்டில் வெட்டிய கருங்காலி என்று யாராவது இரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

வெளிர் நிற முதிரையில் பித்தளை ஆணி போட்டுத் தேய்க்கும்போது ஆணியைச் சுற்றிக் கருநிழல் படியும். தேய்ந்த பித்தளைத் தூள் மரத்தின் கண்களுக்குள் புகுந்ததால் வருவது அது. ஆணி போட்டதும் மரத்துக்கு மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்துவிட்டு, ஒரே திசையில், அடிக்கடி தாளை மாற்றித் தேய்த்தால் நிழல் விழாது.

தூசி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். முதிரைத் தூசி தோலில் பட்டால் சிலருக்குக் கடுமையான அரிப்பும் தடிப்பும் வரும். தச்சுத் தொழிலாளரிடம் நீண்டகாலமாக அறியப்பட்ட ஒவ்வாமை இது. முதல் தடவை ஒன்றும் ஆகாமல், பல தடவைக்குப் பின் தொடங்குவதும் உண்டு. ஒருமுறை வந்தால் அந்த மரத்தோடு சேர்ந்து வேலை செய்வது பிறகு சிரமம். கருங்காலித் தூசியும் இந்த வகைதான். இறுகாத எபொக்சி கையில் படப்படவும் இதே கதை. நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டால் அசிற்றோனால் துடைக்காமல் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

கண்ணாடி நெசவும் எபொக்சியும் சேர்ந்த ஜி-10, கார்பன் ஃபைபர், சிப்பி, எலும்பு எல்லாவற்றையும் தண்ணீர் வைத்தே தேயுங்கள். தூசி பறக்காது. முகத்தைச் சுற்றிக் கட்டும் துணியும் சத்திரசிகிச்சை முகமூடியும் இந்த நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 அல்லது அதற்கு மேலான வடிகட்டி வேண்டும். கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும், மோட்டாருக்குள் போனால் அதைச் சுட்டுவிடும். டைட்டேனியம் தேய்க்கும்போது பறக்கும் வெள்ளைப் பொறி மரத்தூள் குவிந்த இடத்தில் விழுந்தால் நெருப்பு பிடிக்கும். ஒரே தூசிப் பையில் டைட்டேனியத் தூளையும் மரத்தூளையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள்.

லின்சீட் எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிவதும் தீ விபத்துக்கு வழி. காயும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். சிலர் இந்தக் கவலை இல்லாமல் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். பிசுபிசுத்து, மணம் மாறி, அழுக்கைப் பிடிக்கும். பிடிக்கு அது பூச்சாகாது.

தந்தமும் மான்கொம்பும் கேட்டால்

பழைய கத்திகளில் பார்த்துவிட்டு யானைத் தந்தம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு இடம் தராது. 2016 ஜனவரியில் கைப்பற்றிய தந்தங்களைக் காலிமுகத்திடலில் அரசாங்கம் பகிரங்கமாக நசுக்கி அழித்தது. இங்கினியாகலைப் பக்கக் காட்டில் தானாக விழுந்து கிடந்த மான்கொம்பு என்றாலும், வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஆமையின் ஓடும் அப்படியே. யானையோடு வயலைப் பகிர்ந்து வாழும் ஒரு மாவட்டத்தில் தந்தப் பிடிக்குக் கைகூப்பி மறுப்பதே தொழிலுக்கு மரியாதை.

தயிருக்காக எருமை வளர்க்கும் ஊர்களில் எருமைக்கொம்பு கிடைக்கும். அதுவும் நகம் போன்ற பொருள்தான். சூட்டில் இளகும், ஈரத்துக்கு வளையும், மரத்தைவிட அதிகமாக அசையும். ஆணி 2.4 மி.மீ. என்றால் துளை 2.5 மி.மீ. இருக்கட்டும், துளைவாயைச் சிறிது சரிவாக்கிவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். இறுக்கமான துளையில் பலமாக அடித்தால் ஆணியிலிருந்து முடி போன்ற வெடிப்பு ஓடும். அன்று தெரியாது, அடுத்த கச்சானில் தெரியும். கொம்பை வண்டின் புழு அரிக்கும் என்பதால் மூடிய பெட்டியில் நெடுநாள் போட்டு வைக்காதீர்கள். மாட்டெலும்பைச் சவர்க்காரத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்துக் கொழுப்பெடுங்கள், 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் வெளிரவிடுங்கள். குளோரின் பிளீச் எலும்பைப் பொடியாக்கும். எலும்பைப் பழுப்பாக்கக் கொண்டிஸ் (பொற்றாசியம் பெர்மாங்கனேற்று) கரைசல் நன்றாக வேலை செய்யும், ஆனால் கொண்டிஸ் தூளைக் கிளிசரின் பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பற்றும்.

சாரத்திலிருந்து ஒரு பிடி

அசையாத, அழகான, இந்த மண்ணுக்கே உரிய பிடி வேண்டுமென்றால் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை அடுக்கடுக்காக எபொக்சியில் நனைத்து இறுக்கிச் செய்யலாம். பழைய பருத்திச் சாரம் சிறந்தது. பொலியஸ்டர் கலந்த துணி ரெசினை உறிஞ்சாது. முதலில் கஞ்சியைக் கழுவிப் போக்கி நன்றாகக் காயவையுங்கள். கஞ்சி இருந்த இடத்தில் ரெசின் இறங்காமல் அடுக்கு பிரியும். 5 மி.மீ. பலகைக்குத் துணியின் தடிப்பைப் பொறுத்து 15 முதல் 20 அடுக்கு வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் தனியாக நனைத்து, பொலித்தீன் சுற்றிய இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே இறுக்குங்கள். எபொக்சியைச் சிறு சிறு கிண்ணமாகக் கலவுங்கள். ஒரே கிண்ணத்தில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைக்கும். சாய்வாகத் தேய்க்கும்போது சாரத்தின் கோடுகள் மலைநாட்டுப் படத்தின் உயரக்கோடுகள் போல வளைந்து வரும்.

படகு கட்டும் பொலியஸ்டர் ரெசின் மலிவு என்று அதை எடுப்பவர்கள் இரண்டு விஷயம் அறிய வேண்டும். அது எபொக்சியைவிட அதிகம் சுருங்கும். அதன் கடினமாக்கி, பொதுவாக 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பது, ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் போத்தலைத் திறக்காதீர்கள். கோபால்ட் வேகமூட்டியோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

உலோகமும் அலகின் மெருகும்

டைட்டேனியத்தில் மின்னேற்றி வரும் நிறத்தில் சாயமே இல்லை. ஒக்சைட் படலத்தின் தடிப்புதான் நிறமாகத் தெரிகிறது. ஏறக்குறைய 20 வோல்ட்டில் ஊதா, 30 அளவில் நீலம், 60 அளவில் பொன், 100 அளவில் பச்சை. கைரேகை எண்ணெய் இருந்த இடம் வேறு நிறமாகும். ஏறின படலம் சாவிக்கொத்தோடு உரசித் தேயும். 60 வோல்ட்டுக்கு மேல் ஈரக் கையோடு வேலை செய்வது உயிராபத்து. அலுமினியத் தகட்டோடு கார்பன் ஃபைபர் சேர்க்காதீர்கள், உப்புநீரில் அலுமினியம் அரித்துப் போகும்.

அலகுக்குக் கண்ணாடி மெருகோ நேர்த்தியான சாட்டின் மெருகோ போடுங்கள். நுண்ணிய கண்ணாடி மணிகளை வீசியடித்த மங்கல் முகம் அழகுதான், ஆனால் ஆயிரமாயிரம் சிறு பள்ளங்களில் உப்பு தங்கி, துருப்பிடிக்காத உருக்கிலும் புள்ளி விழும். கல்லோடு உருட்டிய முகம் கீறலை மறைக்கும். பெரிக் குளோரைட்டில் ரேகை எடுத்த அலகை அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் நடுநிலையாக்காமல் பூட்டினால், அச்சாணிக்குள் அரிப்பு தொடரும்.

கல்முனையிலோ வாழைச்சேனையிலோ மீன் வெட்டிய கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடியே காயவைத்து, அச்சாணியில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தோல் உறைக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் பித்தளை பச்சை பூக்கும்.