கர்ப்பப்பை வாய்: இரண்டு தோல்கள் சந்திக்கும் இடம்

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, யோனிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, நடுவில் சிறு துளையோடு தெரியும். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு அந்த வட்டத் துளை குறுக்குக் கீறல் மாதிரி மாறியிருக்கும்.

யாரை உள்ளே விடுவது என்பதை முடிவு செய்வது துளையின் அளவைவிட அங்கே சுரக்கும் திரவம்தான். கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உயரும்போது அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, இரு விரலுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும். யோனியின் அமிலத்தில் சில மணி நேரமே தாங்கும் விந்தணு, இந்தத் திரவத்துக்குள் புகுந்துவிட்டால் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். இதைத் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உப்பு படிந்து பெரணி இலை வடிவம் தெரியும். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும். திரவம் கெட்டியாகி வழி அடைபடும். புரோஜெஸ்டின், அதாவது செயற்கைப் புரோஜெஸ்டிரோன், மட்டும் உள்ள கருத்தடை மாத்திரைகள் வேலை செய்வதில் இந்தக் கெட்டிப்படுதலுக்குப் பெரிய பங்கு உண்டு. மாதத்தில் சில நாள் தெளிவாக, வழுக்கலாகப் படுவதை நோய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பகாலத்தில் அதே திரவம் தடித்த அடைப்பாகி, கிருமிகள் மேலே ஏறாமல் தடுக்கும். கர்ப்பப்பையின் மற்ற பகுதி பெரும்பாலும் தசை. வாய்ப்பகுதியோ பெரும்பாலும் கொலாஜன் என்ற உறுதியான புரத நார். அதனால்தான் மாதக்கணக்கில் குழந்தையின் எடையைத் தாங்கி மூடியிருக்க முடிகிறது. பிரசவம் நெருங்க நெருங்க அந்த நார்ப்பிணைப்பு தளர்ந்து, நீர் சேர்ந்து, மெத்தென்று ஆகிவிடும். அப்புறம்தான் வலி வரும்போது 10 சென்டிமீட்டர் வரை விரிய முடிகிறது.

சரி, புற்றுநோய் ஏன் இங்கே வருகிறது? வாயின் வெளிப்பக்கத் தோல் பல அடுக்கு கொண்டது, உறுதியானது. உள்பாதையில் இருப்பது திரவம் சுரக்கும் ஒற்றை அடுக்கு. பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் காரணமாக அந்த உள் அடுக்கு வெளியே பிதுங்கி, யோனியின் அமிலம் பட்டுப் படிப்படியாக உறுதியான தோலாக மாறுகிறது. இரண்டு தோல்களும் சந்திக்கும், மாறிக்கொண்டே இருக்கும் இந்த வளையத்தில்தான் ஹெச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸ் எளிதாகக் குடியேறுகிறது. பெரும்பாலான தொற்றுகளை உடம்பே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும். விலகாமல் தங்குவதுதான் ஆபத்து. இந்த வைரஸில் 16, 18 என்ற எண் கொண்ட இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். ஆனால் தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய் அபூர்வம்.

அந்த வளையம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதும் நமக்குச் சாதகம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கோளாறான செல்களில் புரதம் நெருக்கமாக இருப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே இந்தச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்த ஆய்வு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனைக்கே அந்தப் பகுதிகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன.

மாதவிலக்கு நின்ற பிறகு அந்த வளையம் உள்பாதைக்குள் ஏறிவிடும். வினிகர் தடவினாலும் முழுதாகத் தெரியாது. அந்த வயதினருக்கு ஹெச்பிவி டெஸ்ட்தான் பொருத்தம். கர்ப்பப்பையை எடுத்தவர்களும் ஆபரேஷனில் வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துக்கொள்வது நல்லது. சிலருக்கு அதை விட்டுவைத்திருப்பார்கள். அவர்கள் பரிசோதனையைத் தொடர வேண்டும்.