விற்கும் நாளை யார் குறிக்கிறார்கள்?

கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பதால் பலருடைய பங்குச்சந்தைக் கணக்குகள் என் மேசைக்கு வருகின்றன. நஷ்டக் கணக்குகள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் அறிக்கை இன்னும் மனதை விட்டு அகலவில்லை. சந்தை திறந்த 20 நிமிடத்துக்குள் அவருடைய பங்குகள் மொத்தமும் விற்கப்பட்டிருந்தன. விற்றது அவரல்ல, தரகு நிறுவனம். பாதி சொந்தப் பணம், பாதி தரகர் கொடுத்த கடன் என்று வாங்கியிருந்தார். விலை சரிந்ததும், கூடுதல் பணம் கட்டச் சொல்லி முந்தைய நாள் மாலை தகவல் வந்திருக்கிறது. ஓர் இரவுக்குள் அவரால் புரட்ட முடியவில்லை. எட்டு மாதத்தில் அதே பங்கு பழைய விலையைத் தாண்டியது. "நான் நினைத்தது நடந்தது சார், அப்போது என் கையில் பங்குதான் இல்லை" என்றார்.

கடனில் பங்கு வாங்கும்போது வட்டியைக் கணக்குப் போடுகிறோம். காத்திருக்கும் உரிமையையும் சேர்த்து அடகு வைத்துவிட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை.

1920களின் அமெரிக்காவில் இதைத்தான் ஊர்கூடிச் செய்தார்கள். 100 டாலர் பங்குக்குக் கையிலிருந்து 10 டாலர், மீதி 90 தரகர் கடன் என்று வாங்க முடிந்தது. விலை 110 ஆனால் போட்ட பணம் இரட்டிப்பு. 90 ஆனால் கைப்பணம் முழுக்கக் காலி. அதற்கு முன்பே கூடுதல் பணம் கேட்டுத் தரகரிடமிருந்து அழைப்பு வந்துவிடும். 1929 மார்ச்சில் இந்தக் கடனுக்கான வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. அந்த வட்டிக்கு ஆசைப்பட்டு, தொழில் நிறுவனங்களே தங்கள் உபரிப் பணத்தைச் சந்தைக்குக் கடனாகக் கொடுத்தன. அக்டோபர் தொடக்கத்தில் தரகர் கடன் 850 கோடி டாலரைத் தொட்டிருந்தது.

செப்டம்பர் 3 அன்று, அமெரிக்கப் பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 381. அக்டோபர் 24, வியாழக்கிழமை, ஏறக்குறைய 1.29 கோடி பங்குகள் கைமாறின. விலையை அச்சடித்துத் தரும் டிக்கர் இயந்திரம் பல மணி நேரம் பின்தங்கியது. தாங்கள் ஏற்கெனவே ஓட்டாண்டியாகிவிட்டோமா இல்லையா என்பதே தெரியாமல் மக்கள் அதன் முன் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு பிசைகிறது. 28, 29 ஆகிய இரு நாட்களில் குறியீடு முறையே சுமார் 13, 12 சதவீதம் விழுந்தது. கட்டாய விற்பனை விலையை இறக்கியது. இறங்கிய விலை அடுத்தவரின் கணக்கை விற்பனைக்குத் தள்ளியது. 1932 ஜூலையில் குறியீடு 41. பழைய 381 திரும்பியது 1954 நவம்பரில்.

அடுத்து வந்த நீண்ட பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்துக்கு இந்தச் சரிவு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூழ்கியதும், பணப்புழக்கம் சுருங்கியதும்தான் நோயை ஆழமாக்கின. பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1929 அக்டோபரில் பங்கு விலைகள் நிரந்தரமான உயரத்தை எட்டிவிட்டதாகச் சொன்னவர். தன் செல்வத்தையும் அந்தச் சந்தையிலேயே இழந்தவர். 1933இல் அவர் விளக்கியது முக்கியமானது. எல்லோரும் ஒரே நேரத்தில் கடனடைக்க விற்றால் விலைவாசி விழுகிறது. விலைவாசி விழுந்தால் பணத்தின் மதிப்பு ஏறி, மீதிக் கடன் முன்னைவிடக் கனக்கிறது. அடைக்க அடைக்கச் சுமை கூடுகிறது. ஒரே ஒரு பங்கைக்கூட வாங்காத கூலித் தொழிலாளியின் வேலையும் இப்படித்தான் பறிபோனது.

1934 பங்குச்சந்தைச் சட்டத்துக்குப் பிறகு, கடனில் பங்கு வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டிய பணத்துக்கு அமெரிக்க மத்திய வங்கி குறைந்தபட்ச வரம்பு விதிக்கிறது. 1974 முதல் அது 50 சதவீதம். பாதிக் கடனே ஒருவரைக் கவிழ்க்கப் போதும் என்பதை என் வாடிக்கையாளரின் கணக்கு காட்டுகிறது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, தரகர் கணக்கில் தென்படாத கடன். தனிநபர் கடனும் நகைக் கடனும் வாங்கிச் சந்தையில் போட்டவர்களின் அறிக்கையில் எல்லாம் சொந்தப் பணம் என்றே இருக்கும். மாதத் தவணைதான் காட்டிக்கொடுக்கும்.

கடனில் வாங்கியவர்களிடம் நான் முதலில் கேட்பது, விலை எந்த எண்ணுக்கு இறங்கினால் தரகர் உங்களைக் கேட்காமல் விற்பார் என்பதைத்தான். பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லி, அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இருவருமாகத் தேடுகிறோம்.