நூறிலிருந்து பூஜ்யத்துக்கு: ஆட்டத்து விசுவாசமும் ராஜதுரோகச் சட்டமும்

சிவிலைசேஷன் 6 என்ற கணினி ஆட்டத்தில் எதிரிப் படை எல்லையைத் தாண்டாமலே ஒரு நகரம் கைநழுவிப் போகும். 2018-இல் வந்த 'ரைஸ் அண்ட் ஃபால்' என்ற கூடுதல் தொகுப்பு செய்த வேலை இது. ஒவ்வொரு நகரத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு விசுவாச எண் உண்டு. அது பூஜ்யத்தைத் தொட்டால், ஊர் உங்களை உதறிவிட்டுத் தனி நகரமாகிவிடும்.

கணக்கு இப்படி. 9 கட்டத் தொலைவுக்குள் இருக்கும் நகரங்களின் மக்கள் எல்லோரும் தத்தம் பக்கம் இழுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இழுப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். 'நெல்லை' என்று பெயர் வைத்து 4 பேர் கொண்ட நகரம் ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். 5 கட்டம் தள்ளி எதிராளிக்கு 10 பேர் கொண்ட நகரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இழுப்பு 4, அவருடையது 10-இல் பாதி, அதாவது 5. வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கி, இரண்டில் சிறியதோடு அரையைக் கூட்டி வகுத்தால், சுற்றுக்கு 2.2 இறக்கம். சுமார் 45 சுற்றில் ஊர் போய்விடும். ஆளுநர் ஒருவரை அமர்த்தினால் சுற்றுக்கு 8 கூடும், கவலை தீர்ந்தது.

சிக்கல் எதிராளிக்கு ஆட்டத்தில் 'பொற்காலம்' என்ற நல்ல கட்டம் பிறக்கும்போதுதான். அவர் இழுப்பு ஒன்றரை மடங்காகி 7.5 ஆகும், இறக்கம் 7.8. ஆளுநர் இருந்தால் மயிரிழையில் தப்பலாம். அதே நேரத்தில் உங்களுக்கு அதற்கு எதிரான 'இருண்ட காலம்' என்றால் உங்கள் இழுப்பு பாதியாகி 2-க்கு வந்துவிடும். இறக்கம் 22 வரும். ஆட்டம் அதை 20-இல் நிறுத்திவிடும். ஐந்தே சுற்று! ஆளுநரை வைத்தாலும் 12 இறங்கும். பலரும் இந்த இடத்தில் படையைக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். சொந்தமாகக் கட்டிய நகரில் படை நிற்பதால் மட்டும் எண் ஏறாது.

இந்தக் கணக்கில் துரோகி என்று எவரும் இல்லை, தூரமும் தலைக்கட்டும்தான் இருக்கின்றன. சட்டத்துக்கோ ஒரு ஆள் வேண்டும். இங்கிலாந்தின் 1351-ஆம் ஆண்டுச் சட்டம் அரசன் சாக வேண்டுமென்று மனத்தில் எண்ணுவதையே குற்றமாக்கியது. ஆனால் மனத்தைத் திறந்து பார்க்க வழியில்லை; ஆகவே வெளிப்படையான செயலால் நிரூபிக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதினார்கள். 1695-இல் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது.

செயல் மட்டும் போதாது. குற்றவாளி அந்த அரசுக்கு விசுவாசம் கடன்பட்டவனாகவும் இருக்க வேண்டும். கட்டபொம்மன் விஷயம் இடறுவது இங்கேதான். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் பானர்மேன் விசாரணை என்று ஒன்றை நடத்தி அவரைத் தூக்கிலிட்டார். 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமைதான் கும்பெனிக்குக் கிடைத்திருந்தது. கர்நாடகத்தின் முழு நிர்வாகம் ஆற்காட்டு நவாபிடமிருந்து அதற்கு வந்தது 1801 ஜூலையில். வரி தண்டுகிறவனுக்கு ராஜவிசுவாசம் கடன்பட வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது?

1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. 121-ஆம் பிரிவு 'எவரொருவர்' அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தாலும் என்று தொடங்குகிறது; விசுவாசக் கடன் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 147-ஆம் பிரிவு. 1908-இல் வ.உ.சி.க்கு நெல்லையில் நீதிபதி பின்ஹே விதித்த 40 ஆண்டு இதன் கீழ் அல்ல. அரசுக்கு எதிரான பேச்சுக்கான 124-ஏ பிரிவின் கீழ். நம் ஊர்ப் பேச்சில் இரண்டுக்குமே ராஜதுரோகம் என்றுதான் பெயர்.

1870-இல் 124-ஏயோடு 121-ஏயும் நுழைந்தது. போர் தொடுக்கக் கூடிச் சதி செய்தாலே குற்றம். அதைத் தொடர்ந்து ஒரு செயலும் நடந்திருக்க வேண்டியதில்லை என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. 1351-இல் கேட்ட வெளிப்படைச் செயல் இங்கே தேவையில்லை. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று நெல்லைக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். சதியில் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட மற்றவர்கள் மீதான வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்தது இந்த 121-ஏதான்.