புள்ளி வைக்கும் முன் ஒரு பார்வை

கிட் என்பது புரோகிராம் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. புதிதாக டீமில் சேருபவர்கள் அதில் போடும் முதல் கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத் தொகுப்பை, ரிவ்யூ செய்யும்போது, புரோகிராம் கோடுக்கு முன்னால் ஃபைல் பட்டியலைத்தான் பார்ப்பேன். நாலு வரி மாற்றத்தோடு நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் (வெளியிலிருந்து இறக்கிய லைப்ரரிகள் கிடக்கும் இடம்) முழுசாக, ஆயிரக்கணக்கான ஃபைல்களோடு வந்து நிற்கும். எல்லாம், அடுத்த கமிட்டுக்கு ஃபைல்களைச் சேர்க்கும் 'கிட் ஆட் .' கட்டளை செய்கிற வேலை. கடைசியில் உள்ள அந்தப் புள்ளி, நிற்கிற ஃபோல்டரிலும் அதற்குக் கீழேயும் இருப்பதை அள்ளிக்கொள்ளும்.

நோட் மாட்யூல்ஸ் என்றால் எரிச்சலோடு போகும். டாட் இஎன்வி ஃபைல் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமென்ட் கேட்வே கீ எல்லாம் அதில்தானே இருக்கும்! பதறிப்போய் ஃபைலை டெலீட் செய்து இன்னொரு கமிட் போடுவார்கள். பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும், ரெப்போவை (ப்ராஜெக்டின் கிட் களஞ்சியத்தை) பார்க்க முடிந்தவர் யாரும் எடுத்துப் படிக்கலாம். பப்ளிக் ரெப்போக்களில் இப்படி விழும் கீகளைப் பொறுக்குவதற்கென்றே பாட்கள் ஓடுகின்றன. அதனால் புஷ் ஆகி சர்வருக்குப் போய்விட்டால் முதலில் கீயை ரத்து செய்து புதியது வாங்குங்கள். ஹிஸ்டரியைக் கழுவுவதெல்லாம் அப்புறம். பெரிய டேட்டாபேஸ் டம்ப்பும் (டேட்டாபேஸை நகலெடுத்த ஃபைல்) இதே ரகம்தான்: 100 எம்பியைத் தாண்டிய ஃபைலை, ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் வாங்காது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் முந்தைய கமிட்டில் இருப்பதால் புஷ் மறுபடியும் திரும்பி வரும்.

"கிட்இக்னோரில் போட்டுவிட்டேனே, இன்னும் வருகிறதே?" என்பார்கள். எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று எழுதி வைக்கும் கிட்இக்னோர், இன்னும் சேர்க்காத ஃபைலை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே போனதை 'கிட் ஆர்எம் --கேஷ்டு' கொடுத்து விலக்க வேண்டும். உங்கள் டிஸ்க்கில் ஃபைல் இருக்கும். ஆனால் அந்த கமிட்டை புல் செய்து இறக்கிக்கொள்கிற மற்றவர்களிடம் அது காணாமல் போகும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேர்க்க மறப்பது இன்னொரு பக்கம். 'கிட் கமிட் -ஏ' கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புகிறார்கள். அது ஏற்கெனவே தெரிந்த ஃபைல்களின் மாற்றத்தை மட்டும் எடுக்கும், புது ஃபைலைத் தொடவே தொடாது. உங்கள் மெஷினில் ஓடும், சர்வரில் பில்டு உடையும். ஆட் செய்த பிறகு அதே ஃபைலைத் திருத்தினாலும் சிக்கல்தான்: ஆட் செய்த நொடியில் இருந்த வடிவம்தான் கமிட்டில் போகும்.

என் வழக்கம் சோம்பேறித்தனமானதுதான். 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்து, அன்ட்ராக்டு (இன்னும் சேர்க்காத) பட்டியலில் வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிச் சேர்ப்பேன். பிறகு 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு' கொடுத்து, சேர்த்த மாற்றங்களை ஒரு ஓட்டம் பார்ப்பேன். தப்பாக ஏதாவது ஏறியிருந்தால், கமிட் போடுவதற்கு முன் 'கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு' அதை இறக்கிவிடும், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.