மீன்தொட்டி கேபினட்டில் ஓட்டை எங்கே போட வேண்டும்?

சுவரோடு சேர்த்துப் பதித்த மீன்தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொட்டியைச் சுற்றிலும் மரக் கேபினட். ஆறே மாதத்தில் பலகை ஓரமெல்லாம் ஊதிவிட்டது. கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. தொட்டி எங்கேயும் ஒழுகவில்லை. உள்ளே சிலிக்கா ஜெல் பை வைத்தால் சரியாகிவிடுமா?"

ஆகாது. கீழே சம்ப்போடு (தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து, சுத்தமாகி மேலே திரும்பும் துணைத்தொட்டி) கூடிய நடுத்தரத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவது சர்வ சாதாரணம். சிலிக்கா ஜெல் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் பிடித்து வைக்கும். அப்படியானால் தினமும் மூன்று கிலோ ஜெல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் வளர்ப்பதை விட ஜெல் காயவைப்பது பெரிய வேலையாகிவிடும்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 23 கிராம் நீராவி இருக்கலாம். கேபினட்டுக்குள் காலியிடம் அரை கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினொன்றரை கிராம். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை! அறைக் காற்றில் பாதி ஈரம் ஏற்கெனவே இருக்கும். எனவே கதவைச் சாத்தியபின் இன்னும் ஆறு கிராம் ஆவியானாலே உள்ளே காற்று நிறைந்துவிடும்.

நிறைந்தால் ஆவியாதல் நின்றுவிட வேண்டாமா என்று கேட்கலாம். தண்ணீர், காற்று, பலகை எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருந்தால் நின்றுவிடும். ஆனால் ஹீட்டர் தண்ணீரை 27 டிகிரியில் வைத்திருக்கிறது. பின்சுவரோ, ஓர் உதாரணத்துக்கு, 22 டிகிரி. தண்ணீரை ஒட்டிய காற்று கன மீட்டருக்கு 26 கிராம் வரை ஏற்றிக்கொள்ளும். அதே காற்று சுவரைத் தொட்டதும் 19 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சத்தைச் சுவரில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த காய்ச்சி வடித்தல்தான் இது, இருபத்துநான்கு மணி நேரமும். இந்த வெப்பநிலை வித்தியாசம் இருக்கும்வரை மூடிய பெட்டி ஓயவே ஓயாது.

சொட்டுச் சொட்டாக வழிந்தால்தான் கெடுதல் என்றும் இல்லை. பலகையை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பூஞ்சைக்குப் போதும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் முகத்தில் லேமினேட் ஒட்டியிருப்பார்கள், வெட்டிய ஓரத்தில் நார்கள் திறந்து கிடக்கும். அதனால்தான் ஊதுவது எப்போதும் ஓரத்தில் தொடங்குகிறது. ஊதியபின் காயவைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

ஈரக்காற்றை வெளியே அனுப்புவதைத் தவிர வழியில்லை, சரி. ஓட்டையை எங்கே போடுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது.

புழுக்கமான நாளில் "காற்று கனமாக இருக்கிறது" என்கிறோம். உண்மையில் ஈரக்காற்று, அதே வெப்பநிலையில் இருக்கும் உலர்ந்த காற்றைவிட லேசானது. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால், எந்த வாயுவாக இருந்தாலும் ஒரே கொள்ளளவில் ஒரே எண்ணிக்கையில்தான் மூலக்கூறுகள் இருக்கும். அவகாட்ரோ 1811-ல் சொன்னது இது. ஆக, நீராவி காற்றுக்குள் வரும்போது கூடுதலாக வந்து திணித்துக்கொள்வதில்லை, வேறு மூலக்கூறுகளின் இடத்தைப் பிடிக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜன் 32, காற்றின் சராசரி சுமார் 29. தண்ணீருக்கு வெறும் 18. கனமானவர் எழுந்து போன நாற்காலியில் ஒல்லிப்பிச்சான் உட்காருகிறார்.

27 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் நூறு மூலக்கூறுகளுக்கு மூன்றரைதான் தண்ணீர். எனவே அடர்த்தி குறைவது 1.3 சதவீதம் மட்டுமே. இது போய் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் உலர்ந்த காற்றைச் சூடாக்கி அதே அளவு லேசாக்க வேண்டுமானால் நான்கு டிகிரி ஏற்ற வேண்டும்! பாதி ஈரமுள்ள அறைக் காற்றோடு ஒப்பிட்டாலும், உள்ளே இருக்கும் காற்று இரண்டு டிகிரி கூடுதல் சூடு கொண்டதைப் போல மேலே மிதக்கும். விளக்கின் சூடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அதாவது நம்மைத் தொல்லைப்படுத்தும் நீராவியே, வழி மட்டும் விட்டால், தானாக மேலேறி வெளியே போகத் தயாராக இருக்கிறது.

ஆகவே கீழே ஒரு திறப்பு, உச்சியில் ஒரு திறப்பு. கதவின் நடுவில் மட்டும் அழகுக்கு ஓட்டைகள் கொண்ட ஒரு ஜாலித் தட்டு வைத்தால், உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். இரண்டு திறப்புக்கும் இடையே உள்ள உயரத்தை இரட்டிப்பாக்கினால் காற்றோட்டம் 1.4 மடங்குதான் கூடும், வர்க்கமூலக் கணக்கு. இரண்டு திறப்புகளின் பரப்பையும் இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு கூடும். எனவே உயரத்துக்காக ரொம்ப மெனக்கெடாமல் ஓட்டையைப் பெரிதாக்குங்கள்.

இயற்கை ஓட்டம் போதாதபோது ஃபேன். ஒரு லிட்டர் நாளைக்கு என்றால் மணிக்கு 42 கிராம். 25 டிகிரியில் 50 சதவீத ஈரத்தோடு உள்ளே வரும் காற்று 70 சதவீதத்தோடு வெளியேறினால், கன மீட்டருக்கு நாலரை கிராம் எடுத்துப் போகும். ஆக மணிக்கு ஒன்பது கன மீட்டர் காற்று வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 சென்டிமீட்டர் ஃபேனை மெதுவாக ஓட விட்டாலே தாராளம்.

ஆனால் ஃபேன் உச்சியில் இருந்து வெளியே இழுக்கட்டும். உள்ளே ஊதினால் கேபினட்டில் அழுத்தம் கூடி, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் ஈரக்காற்று சுவருக்குள் போய்ப் புகும். இழுத்தால் அதே இடுக்குகள் வழியாக உலர்ந்த காற்று உள்ளே வரும். இழுத்த காற்று கட்டடத்துக்கு வெளியே போவது உத்தமம். மூடிய அறைக்குள் விட்டால் அந்த ஒரு லிட்டரும் அறைக்குத்தான் வந்து சேரும். அடைமழை நாளில் வெளிக்காற்றே நிறைந்திருக்கும்போது ஃபேனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஈரப்பதம் பார்த்து இயங்கும் சுவிட்ச் அன்றைக்கு நாள் முழுக்க ஃபேனை ஓட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்னால், ஆவியாவதையே குறையுங்கள். எல்லோரும் மேலே உள்ள தொட்டிக்கு மூடி போட்டுவிட்டு, கீழே தண்ணீர் விழுந்து கலங்கும் சம்ப்பைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அதற்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு மூடி வையுங்கள். ஃபேன் வந்ததும் ஆவியாவது கூடும், தண்ணீரும் குளிரும். நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால் தொட்டி 28 வாட் வெப்பத்தை இழக்கிறது, அதை ஹீட்டர்தான் ஈடுகட்ட வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். அப்புறம், அடாப்டர்களையும் பவர் ஸ்ட்ரிப்பையும் சம்ப்புக்கு நேர் மேலே மாட்டாமல், கீழ்த் திறப்பிலிருந்து புதுக்காற்று வரும் பக்கத்தில், தரையிலிருந்து சற்று உயரத்தில் மாட்டுங்கள்.